பரஸ்தானம் போன பை

பை கட்டி முடித்தாயிற்று. எடையும் பார்த்தாயிற்று. ஒன்பதே கால் கிலோ. நெல்லைநாயகம் அந்தப் பச்சைக் கான்வாஸ் பையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அடுப்படிப் பக்கம் காதைத் திருப்பினார். அங்கே எண்ணெய்ச் சட்டி சடசடத்தது. அதில் பொரிவதெல்லாம் பைக்குள் வந்து சேருமே என்று மனுஷன் பையை வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நகர்த்தாமல் பின்னே? ஆபீசுக்கு வந்து மூன்று மாதமே ஆன அதிகாரி மருதப்பன், லீவு கிடைத்தால் காட்டுக்குள் போய்த் தார்ப்பாய் கட்டிப் படுக்கிற ஆள். இந்தத் தடவை புளியங்குடிக்கு மேற்கே மலையில் மூன்று நாள். போவது நாலே பேர். அதில் ஒருவராக கிளார்க் நெல்லைநாயகத்தின் பெயரை அதிகாரியே தன் கைப்பட எழுதியிருந்தார். பல்லி விழுந்தால் பெஞ்சு மேல் ஏறி நிற்பவர் என்று பதினெட்டு வருஷமாகப் பேர் வாங்கி வைத்திருப்பவருக்கு இது லேசுப்பட்ட கௌரவமா? நாலு நாளாக அவர் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்துகொண்டிருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. பை பத்துக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் வைத்தே வில் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார். கூடினால் அத்தனை பேர் முன்னாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"கத்தி, கயிறு, தீப்பெட்டி, ஒரு சட்டி, ரெண்டு கிலோ அரிசி. அம்புட்டுத்தான் வே. மத்ததக் காட்டுல தேடிக்கிடணும்" என்று சொல்லியிருந்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி சங்கரம்மாள் கரண்டியோடு வந்தாள். பார்வை பையின் மேல் இல்லை, சுவரில் தொங்கிய காலண்டரின் மேல் இருந்தது.

"ஏங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழம. மேக்க சூலம். நீங்க போற மலை மேக்கதான இருக்கு?"

"அதுக்கு? மலையக் கெழக்க தள்ளி வைக்கச் சொல்லவா?"

"கேலி பேசாதீங்க. பரஸ்தானம் வச்சிருவோம். இன்னைக்கே நல்ல நேரத்துல பைய வேற ஒரு வீட்டுல கொண்டு வச்சிட்டா, இன்னைக்கே கெளம்புன மாதிரிதான். பக்கத்து வீட்டு முருகம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மற்ற நாளாக இருந்தால் ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கும். ஆனால் அவருக்குள் சட்டென்று ஒரு கணக்கு ஓடியது. பை வெளியே போய்விட்டால் எண்ணெய்ச் சட்டிக்கு எட்டாதே! பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் முருகம்மாள் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், பை கர்ப்பிணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அக்கா வந்து ஒரு தூக்குவாளி புளிச்சோறும் முறுக்கும் வச்சிட்டுப் போனாக அண்ணாச்சி" என்றாள் முருகம்மாள். "பாம்பு பல்லி அண்டாதுன்னு கோயில் புத்துமண்ணு ஒரு பொட்டலம். எங்க வீட்டுல தங்குன பைய நான் சும்மா அனுப்ப முடியுமா? நார்த்தங்கா ஊறுகா ஒரு ஜாடி வச்சிருக்கேன்."

நெல்லைநாயகம் பையின் வாரை அவிழ்க்கப் போனார்.

"ஐயையோ! பரஸ்தானம் வச்ச பையில வைக்கலாம், எடுக்கக் கூடாது அண்ணாச்சி! போற காரியம் கொறைஞ்சு போகும்."

"அப்ப எங்க வீட்டுக்கே கொண்டு போயிருதேன்."

"அது அதவிடப் பாவம்!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சங்கரம்மாளின் குரல் வந்தது. "முன்னால வேணா போகலாம். பின்னால வரப்படாது."

முன்னாலதானே? போயிற்று போ! அடுத்த தெருவில் சிநேகிதர் மூக்காண்டி தறிக்கூடம் வைத்திருந்தார். தறிச் சத்தத்தில் அங்கே பொம்பளைகள் நின்று பேசக்கூட முடியாது. அதைவிடப் பத்திரமான இடம் உண்டா? பையை இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்தார்.

சாயங்காலம் போனபோது பை தறியின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு போர்வையும் நாலு துண்டும் வச்சிருக்கேன் வே" என்று மூக்காண்டி சத்தத்துக்கு மேல் கத்தினார். "மலையில குளிரும்லா! பொறவு தங்கச்சி வந்து அதிரசமும் எள்ளுருண்டையும் வச்சிட்டுப் போச்சு."

"அவளுக்கு யாரு வே சொன்னா பை இங்கன இருக்குன்னு?"

"நாந்தான் ஆள் அனுப்பிச் சொன்னேன். புருஷன் பை எங்கன கெடக்குன்னு பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா?"

விதி என்று ஒன்று இருக்கிறதே, அது இப்படித்தான் சிநேகிதன் ரூபத்தில் வரும்.

கடைசி வழி ஒன்று இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆயிஷம்மாள் வீடு. கடையநல்லூரிலிருந்து வந்து குடியிருந்தவள், புருஷன் துபாயில். ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்த வகையில் நெல்லைநாயகத்துக்குப் பழக்கம். சங்கரம்மாளுக்கு அந்த வீடே தெரியாது. மூக்காண்டியின் சைக்கிளை வாங்கி, பையை கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அதிகாலையில் வந்து, எடுத்தால் பாவம் என்றாலும் பரவாயில்லை, பாதியை அங்கேயே எடுத்து வைத்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு தூங்கப் போனார்.

விடிகாலையில் ஆயிஷம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தாள்.

"ராத்திரி உங்களுக்கு சைக்கிள் குடுத்தவருகிட்ட விசாரிச்சு உங்க வீட்டம்மா தேடிப் பிடிச்சு வந்துட்டாங்க அண்ணாச்சி! எவ்வளவு நல்ல மனுஷி! சீடை டின்ன அவங்க வச்சாங்க. நான் துபாய்க் கம்பளியும் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் வச்சேன். உங்க சட்டி நாலு பேருக்குக் காணாதுன்னு எங்க தேக்சாவையும் சேத்துக் கட்டிட்டோம்."

பைக்குப் பின்னால் கல்யாண வீட்டு தேக்சா ஒன்று கவிழ்ந்து தொங்கியது. வாரைத் தேடினால் கம்பளிக்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. கைக்கே எட்டவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

அவர் அதை முதுகில் தூக்கவில்லை. மாட்டை இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போனார். அதிகாரி மருதப்பன், சர்வேயர் காசிராஜன், பியூன் இசக்கிப்பாண்டி மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மூன்று பேர் பைகளும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. காட்டுக்குப் போகிற ஆம்பிளைகள் என்றால் இவர்களல்லவா!

மருதப்பன் வில் தராசை எடுத்தார். இரண்டு பேர் சேர்ந்து பையைத் தூக்கி மாட்டினார்கள். முள் இருபத்தைந்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தராசில் அதற்கு மேல் எண் இல்லை. வெற்றிலைக் கடைக்காரர்கூட எழுந்து வந்து பார்த்தார்.

"சார், நான் ஒம்பதே கால் கிலோதான் சார் கட்டுனேன்." நெல்லைநாயகம் அதிகாரியைப் பார்க்காமல் தேக்சாவைப் பார்த்துச் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவை கிடைத்த மரியாதை. அதுவும் பஸ் ஸ்டாண்டில் போயிற்று. "நான் வீட்டுக்குப் போயிருதேன் சார்."

மருதப்பன் தராசைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தார்.

"பஸ்ஸுல ஏத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.

நெல்லைநாயகம் விழித்தார். பையைத் தலையில் வைத்து ஏணியில் ஏறப்போன இசக்கிப்பாண்டியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே இசக்கி, ஐயா ஏன்லே என்னையத் திருப்பி அனுப்பல?"

"உங்களயா? நல்லாருக்கே!" என்றான் இசக்கிப்பாண்டி. "போன தடவ மூணு நாளும் பட்டினி கெடந்து திரும்புனோம்லா, பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஐயா மொதல்ல கேட்டதே, 'ஏலே, நம்ம ஆபீஸ்ல யாரு வீட்டுல கட்டுச்சோறு அதிகமாக் கட்டிக் குடுப்பாக?'ன்னுதான் அண்ணாச்சி!"