ஜெபத்துக்கு வாங்கிய ஹெட்போன்

ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள், எதைக் கேட்கப் போகிறோம் என்ற உண்மையைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுவது உத்தமம். நான் பொய் சொன்னேன். அதுவும் ஆண்டவர் பெயரில்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் தெருவுக்கு இன்னும் போன் வரவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் ஆவதற்குள் அவர் மஸ்கட் போய்விட்டார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். கேசட் வந்தால் வலங்கைமான் வீட்டுக் கூடத்தில் மாமியார், மாமனார், நாத்தனார், பக்கத்து வீடு என எல்லோரும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தடவை முதல் பக்கம் முடியும்போது, "பின்பக்கம் எஸ்தருக்கு மட்டும்" என்றார். கூடமே என்னைப் பார்த்தது. (நான் கூரையைப் பார்த்தேன்.)

தனியறை இல்லாத வீடு. மறுநாளே கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் கடைக்குப் போனேன்.

"என்ன கேப்பீங்கம்மா? தாளம் தூக்கலான சினிமாப் பாட்டுன்னா இந்தப் பெருசு. கச்சேரின்னா இது, வயலின் தனியா குரல் தனியா கேக்கும். பேச்சுக்கு இந்தப் பஞ்சு வச்சதே போதும்."

"ஜெபம் கேக்கணும் பாய்."

"அப்ப பஞ்சே போதுமே."

"வெளிச்சத்தம் வந்தா கவனம் சிதறுதுங்க."

மனிதர் நெகிழ்ந்துபோய், காதை அடியோடு மூடும் ஒன்றை எடுத்துத் தந்தார். மாட்டினால் இடி விழுந்தாலும் தெரியாது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். "எஸ்தர், நல்லாருக்கியா?" என்றார். அப்படியே காதுக்குள். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். (எனக்கு அப்படித்தான் கேட்டது.)

"சாப்டியா?"

"ம், மீன்கொழம்பு. அத்தை உப்பைக் கொட்டிட்டாங்க."

"என் நெனப்பு இருக்கா?"

"நெனப்பெல்லாம் இருக்கு. உங்க முகந்தான் மறந்துகிட்டே வருது. பயமா இருக்குங்க. வந்துடுங்க."

திரும்பிப் பார்த்தால் ஒரு முறமும் அசையவில்லை. மாமனார் அவசர வேலையாகக் கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினேன். "அண்ணி, மஸ்கட்டுக்கே கேட்டிருக்கும்" என்றாள் நாத்தனார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

மாமியார் எழுந்து வந்தார். புதுக் கேசட் ஒன்றைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"டேய், கொழம்புல உப்பு அதிகந்தான், ஒத்துக்கறேன். இந்தப் புள்ளைக்கு உன் மூஞ்சி மறந்துபோவுதாம். சம்பாரிச்சது போதும், கிறிஸ்துமஸுக்கு வந்து காட்டிட்டுப் போ."

வந்தார். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று, எல்லோர் முன்னாலும் "அடையாளம் தெரியுதா?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். பால் வாங்கிக்கொண்டு திரும்பினாலும் வாசலில் நின்று அதையே கேட்கிறார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். "யாருங்க, தெரியலையே" என்பேன். சொல்லிவிட்டு, ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.