தங்கச்சாமியின் செல்லுக்கு வயசாகிவிட்டது

தேனிக்குப் போகவேண்டிய பட்டாசு லோடு தென்காசியில் போய் இறங்கிவிட்டது. அனுப்பியவர் தங்கச்சாமி. ஆர்டர் சொன்னது தேனியா தென்காசியா என்று அவருக்கே நினைவில்லை.

முதலாளி மணிகண்டராஜ் கும்பிடாத குறைதான். "அண்ணாச்சி, நீங்க எங்கப்பா காலத்து ஆளு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வீட்ல இருந்து ஓய்வெடுங்க."

ஓய்வாமே, ஓய்வு! சிவகாசிக்காரன் சீசன் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான், ஈ ஓட்டுவானா? ஆர்டர் எடுத்து லோடு அனுப்பும் அந்த நாற்காலி போனால் தங்கச்சாமிக்கு உயிரே போன மாதிரி.

செல்போனில் அலாரம் வைத்தார். அது அடித்தது, எதற்கென்பது மறந்துபோனது. அதை நினைவூட்ட இன்னொரு அலாரம் வைத்தார். ஆபீஸ் பூசை நேரத்துக் கோயில் மாதிரி மணியடித்தது. பிறகு விளம்பரம் பார்த்து ஞாபகசக்திப் பொடி வரவழைத்தார். அதை எங்கே வைத்தார் என்பது இன்றுவரை தெரியாது.

மனைவி யோகேஸ்வரி அவரை விருதுநகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனாள். பரிசோதனை முடிந்து, கழற்றிவிட்ட செருப்பு எதுவென்று அவர் வாசலில் தேடிக்கொண்டிருக்க, அவள் உள்ளே நின்று டாக்டரும் நர்ஸும் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு நர்ஸ் இசைவாணி வந்து அவருக்கு விளக்கினாள்.

"பிரச்சினை செல்லுலதான் ஐயா. வயசான செல்லு, சார்ஜ் நிக்கல. அதான் மூளைக்குச் சக்தி பத்தல."

தங்கச்சாமி சட்டைப்பையைத் தடவினார். "எல்லாம் இந்தச் சனியன் பண்ற வேலையா?"

"ராத்திரி சாப்பிட்டதும் செல்ல அணைச்சுட்டு நீங்களும் தூங்கிரணும். காலையில வேகமா நடந்தீகன்னா செல்லு தன்னால சார்ஜ் ஏறும். எண்ணெய் புரோட்டா தின்ன கையி செல்லுல படவே கூடாது. முக்கியமா, நம்பரு, ஆர்டரு எதையும் செல்லுல தேடாதீக, மனசுல இருந்து சொல்லிப் பழகுங்க."

"செல்லுக்கு இம்புட்டுப் பக்குவமா!" என்று வாயைப் பிளந்தார் தங்கச்சாமி.

மறுநாளே செல்லைக் கையில் ஏந்திக்கொண்டு கண்மாய்க் கரையில் விறுவிறுவென்று நடந்தார். "அண்ணாச்சி, செல்லுக்கு மூச்சு வாங்குதே, செத்த உக்கார வையிங்க!" என்றாள் பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி. தெருவே சிரித்தது. செல்லைப் பிரிய மனமில்லாமல் புரோட்டாவைப் பிரிந்தார். நம்பர், ஆர்டர் எல்லாவற்றையும் செல்லில் தேடாமல் மனசிலிருந்தே சொல்லிப் பழகினார்.

அதோடு போயிற்றா? ராத்திரி செல் தூங்கியதால், மதுரை வியாபாரி ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

மணிகண்டராஜ் முகம் கறுத்தது. "இந்தச் சீசனோட போதும் அண்ணாச்சி."

தங்கச்சாமி அழாத குறையாக வீட்டுக்கு வந்தார். ஆனாலும் செல்லை அணைக்கத் தவறவில்லை.

தீபாவளி நெருக்கத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. ஆர்டர் மொத்தமும் அதற்குள். வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மணிகண்டராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சாமி கண்ணை மூடினார்.

"ராஜபாளையத்துக்குச் சங்குச்சக்கரம். கோவில்பட்டிக்கு மத்தாப்பு. தேனிக்குச் சரவெடி, தென்காசிக்குப் புஸ்வாணம். டிரைவர் நம்பர் எழுதிக்கோ..."

மடமடவென்று வந்தது. எழுதின ஆபீஸ் பையனுக்குக் கை வலித்தது. லோடு அத்தனையும் போகவேண்டிய ஊரில் போய் இறங்கின, ஒரு பெட்டி மாறவில்லை.

"அண்ணாச்சி, மனுசனா நீங்க? எப்படி?" மணிகண்டராஜுக்கு உடம்பு சிலிர்த்தது.

"எல்லாம் செல்லு மகிமை தம்பி."

முதலாளி அந்தச் செல்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அடுத்த சீசனுக்கும் அந்த நாற்காலி ஒங்களுக்குத்தான்!"

பை நிறையக் கொய்யாப்பழத்தோடு தங்கச்சாமி நேரே விருதுநகருக்கு ஓடினார். "ஏ தாயி, என்னா வைத்தியம்! போனைச் சரிபண்ணி மனுசனைப் பொழைக்க வச்சுட்டீகளே!"

இசைவாணி சிரித்துவிட்டாள். "எங்க மகிமை என்ன இருக்கு ஐயா? டாக்டர் சொன்னது ஒங்க உடம்புக்குள்ள இருக்குற செல்ல. 'ஒடம்புக்குன்னா இந்த மனுசன் ஒரு துரும்பக்கூட அசைக்க மாட்டாரு, போனுக்குன்னா உயிரையே குடுப்பாரு, போனுன்னே நெனைக்கிற மாதிரி சொல்லுங்க'ன்னு கெஞ்சுனது ஒங்க வீட்டம்மாதானே!"