டார்ச் சார் தேடிய பூசணம்

திண்டுக்கல்லில் பட்டப்பகலில் டார்ச் லைட்டோடு நடமாடிய ஒரே மனிதர் டார்ச் சார்தான். பூட்டுப் பட்டறையில் சோதனை பார்க்கும் வேலை அவருக்கு. ஒவ்வொரு பூட்டையும் பத்து முறை பூட்டித் திறந்து, சாவித் துவாரத்துக்குள் டார்ச் அடித்து, "ம்ஹூம்" என்று ஒதுக்குவார். கத்தரிக்காய் வாங்கினாலும் அதே டார்ச், அதே "ம்ஹூம்". பெண் பார்க்கப் போன இடத்திலும் டார்ச்சை எடுத்தார், அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்து அந்த ஊருக்குப் போனேன். மலைக்கோட்டை தெரியும் மாடி அறையில் தனிவாசம். என் பழைய மரக் கேமராவைக் கரையான் தின்றுவிட்டு, பெரிய மனது பண்ணி லென்ஸை மட்டும் விட்டுவைத்தது. அதை விற்கலாமென்று டீக்கடையில் சொல்லிவைத்தேன். வந்தவர் டார்ச் சார்.

"உங்ககிட்ட கேமரா இருக்கா சார்?"

"இல்ல தம்பி. மொதல்ல லென்ஸ் சரியா இருக்கணும்ல? கேமராவப் பெறகு பாத்துக்கலாம்."

லென்ஸைக் காதருகே வைத்து ஆட்டினார். மூச்சை ஊதி, ஆவி எப்படி விலகுகிறது என்று பார்த்தார். டார்ச் அடித்தார். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தார். மலைக்கோட்டை தாளில் தலைகீழாக விழுந்தது.

"ஓரத்துல செத்த மங்கலாத் தெரியுது. வர்ற ஞாயித்துக்கிழம வாரேன், நல்ல வெயில்ல பாப்போம்."

வந்தார். எட்டு மாதம் வந்தார். ஒரு வாரம் கீறல், மறுவாரம் திருகு மரை தேய்மானம். இவர் வாங்கப்போவதில்லை என்பது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேச வேறு யாருமில்லை, அவருக்கும் இல்லை. காலையிலேயே இரண்டு டம்ளர்களைக் கழுவிவைத்துக் காத்திருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, வேடசந்தூரில் ஸ்டூடியோ வைக்கப்போகிறவர் கையில் பணத்தோடு வந்துவிட்டார். லென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு டார்ச் சாரிடம் நீட்டினார்.

"ஐயா பாத்துச் சொன்னாப் போதும்."

டார்ச் சார் அன்று வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார்.

"பழுது ஒண்ணுமில்ல. எடுத்துக்கங்க."

அத்தனை வருஷம் சோதனை வேலை பார்த்தவருக்குப் பொய் வாயில் வரவில்லை. எனக்கு வந்தது.

"உள்ள பூசணம் இருக்கு" என்றேன்.

"எங்க இருக்கு?" டார்ச் சார் எகிறினார். "எட்டு மாசமாப் பாக்குறேன், என் கண்ணுல படாத பூசணமா? காட்டுங்க!"

விற்கிறவனே குறை சொல்லும் பொருளை எவன் வாங்குவான்? வேடசந்தூர்க்காரர் மெதுவாக நழுவிவிட்டார்.

டார்ச் சார் என்னைச் சற்று நேரம் முறைத்தார். அப்புறம் டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன் தம்பி. அந்தப் பூசணத்தக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

எனக்கு மாற்றல் வரும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.

லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது அதற்குள் உண்மையாகவே பூசணம் பிடித்துவிட்டது. காட்டலாமென்றால் டார்ச் சார்தான் இல்லை.