பிள்ளைக் காம்பராவில் பேன்

கணக்கப்பிள்ளை கந்தப்பன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கூடை இருமியது.

கொழுந்து எடுக்கும் கூடை அது. அப்படி இரண்டு கூடைகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. அவற்றுக்கு முன்னால் காளியாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

கந்தப்பன் எண்ணுவதை நிறுத்தினார்.

"கூடை இருமுது."

"பனிங்க, ஐயா."

"கூடைக்கா?"

"எனக்குங்க," என்று காளியாயி இருமிக் காட்டினாள். இரண்டாவது கூடை தும்மியது. அவள் அவசரமாகத் தும்மினாள். முதல் கூடை மறுபடி இருமியது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

கந்தப்பன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளையிலிருந்து இங்க கூடை கவுக்கக் கூடாது. உள்ள காத்துப் போகாது."

போய்விட்டார். காளியாயி கூடைகளை நிமிர்த்தினாள். சடைச்சியும் அவள் தம்பி அழகனும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காளியாயிதான் பிள்ளைக் காம்பராவின் ஆயா. பெண்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். மத்தியானம் தோட்டத்து அரிசியில் கஞ்சி உண்டு. இந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது.

இவர்களுடைய தகப்பன் மாயாண்டி, கொழுந்துத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று துரையிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. துரைக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. மாயாண்டியின் பெயரை வெட்டிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு வேலை கிடையாது, அரிசி கிடையாது, பிள்ளைகளுக்குக் காம்பரா கிடையாது. உதவி செய்கிறவர் பெயரும் வெட்டுப்படும். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இதைச் சத்தம் போட்டு வாசித்தவர் கந்தப்பன்.

மாயாண்டி நோர்வூட் பக்கம் வேலை தேடிப் போனான். மறுநாள் விடியும்போது அவனுடைய பிள்ளைகள் இருவரும் ஒரு கம்பளிக்குள் சுருண்டு காம்பரா வாசலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடி ராக்காயி, என் தலையில கட்டிட்டியே," என்று காளியாயி அவர்களின் தாயைத் திட்டினாள். பிறகு கஞ்சிக்கு இரண்டு கிண்ணம் கூடுதலாக எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறம் சடைச்சியே தம்பியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள். அம்மா காய்ச்சலில் கிடப்பதாகச் சொன்னாள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான அந்த லயத்துப் பக்கம் போக யாருக்கும் துணிவில்லை. காளியாயிக்கும் இல்லை. வருகிற வயிறுகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். பிடிபட்டால் அந்தக் கஞ்சியும் போகும், அவள் பெயரும் போகும்.

கூடை இனி உதவாது. சடைச்சியைக் காட்டிக்கொடுப்பது அவள் தலைமுடிதான் என்று காளியாயிக்குத் தோன்றியது. கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடிபோல நாலாபக்கமும் பரந்து நிற்கும். எதிர்மலையிலிருந்து பார்த்தாலும் மாயாண்டி மகள் என்று தெரியும்.

செத்துப்போன புருஷனின் சவரக்கத்தியைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் கந்தப்பன் வந்தபோது பிள்ளைகளின் நடுவே ஒரு மொட்டைத்தலை பளபளத்தது. பக்கத்தில் ஒரு சின்ன மொட்டை.

"இது யாரு?"

"லெட்சுமி மகனுங்க."

மொட்டை பாவாடை கட்டியிருந்தது.

"மகளுங்க," என்றாள் காளியாயி.

"என்னத்துக்கு மொட்டை?"

"பேனுங்க, ஐயா."

"பேனு ரெண்டு தலையோட நின்னுக்குமா? மத்ததெல்லாம் முடியோட இருக்கு. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

காளியாயி அவர் குடை வளைவில் மறையும்வரை காத்திருந்தாள். பிறகு கத்தியைத் தீட்டினாள். மத்தியானத்துக்குள் காம்பராவில் ஒரு முடி மிச்சமில்லை.

அந்தியில் தாய்மார் வந்தார்கள். லெட்சுமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கதிர்காமத்துக்கு நேந்த முடிக்கா அது. பொறந்ததுலருந்து கத்தி படாம வளத்தேன். முருகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"தூர வீசலடி. எல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இந்தா."

லெட்சுமி துணி மூட்டையைப் பிரித்தாள். எல்லாப் பிள்ளைகளின் முடியும் ஒன்றாய்க் கிடந்தது.

"இதுல என் புள்ளையோடது எது?"

"முருகனுக்குத் தெரியும்."

லெட்சுமி அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மீனம்மா பாதி வழியிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அவள் இடுப்பில் அழகன் இருந்தான்.

"மூடுபனியில மாத்தித் தூக்கிட்டுப் போயிட்டேன். எல்லாம் ஒரே மொட்டையா இருக்கு. வழியில ரொட்டியப் பிச்சு வாயில வச்சேன். விரலையும் சேத்துக் கடிச்சிருச்சு. எம்புள்ள இப்புடித் திங்காதேன்னு உத்துப் பாத்தா, மாயாண்டி அண்ணன் புள்ள."

லெட்சுமி முடி மூட்டையை மறுபடி கட்டினாள்.

"முடிதானே, வளந்துக்கும்," என்றாள். "முருகன் என்ன, பசியோடயா இருக்காரு."

ரகசியம் இப்போது லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். காளியாயிக்குப் பயம் கூடியது.

அடுத்த நாள் கந்தப்பன் எண்ணத் தொடங்கியதும், அவள் பிள்ளைகளை ரயில் ஓட்டச் சொன்னாள். ஒருவர் பின்னால் ஒருவராய், மொட்டைகள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடின.

"ரெண்டு கூடுது," என்றார். மறுபடி எண்ணினார். "இல்ல. மூணு குறையுது." சலித்துக்கொண்டு கஞ்சிப் பானையருகே போனார். அகப்பையால் மொண்டு ஊற்றிப் பார்த்தார்.

"இது கஞ்சியா, பீலித் தண்ணியா? இத்தனை வாய்க்கு நம்ம குடுக்குற அரிசி காணாதுன்னு உனக்குத் தெரியாதா?"

'இத்தனை வாய்' என்று கேட்டதும் காளியாயி அகப்பையை வாங்கிப் பானையை மூடினாள். ஆள் கூடியிருப்பதைக் கஞ்சி சொல்லிவிட்டது. அன்று அந்தியில் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனாள்.

"ஒரு பிடி அரிசி. அவ்வளவுதான். மடியில கட்டிட்டு வாங்க."

"எங்க வீட்டுலயே பாதிப் பானைதான்க்கா வேகுது," என்றாள் மீனம்மா.

மறுநாள் காலை முதல் ஆளாக அரிசியோடு வந்தவளும் அவள்தான். அவளுக்குப் பின்னால் லயமே வந்தது. சிலர் ஒரு பிடி என்றால் இரண்டு கைப்பிடி என்று எடுத்துக்கொண்டார்கள். மத்தியானம் கஞ்சிக்குள் அகப்பை நட்டுக்கொண்டு நின்றது.

கந்தப்பன் அகப்பையை வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்குத் தொரை வர்றாரு. பேனுன்னு கேள்விப்பட்டிருக்காரு. தலைக்கணக்கும் பாப்பாரு. ரெண்டு கூடினாக்கூட விடமாட்டாரு."

"ரெண்டுன்னு எதுக்குங்க, ஐயா..."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

காளியாயி அன்று வீடு வீடாகப் போனாள். "ரெண்டு பேரு மட்டும் நாளைக்கு உங்க புள்ளைய அனுப்பாதீங்க. கணக்குச் சரியாப் போயிரும்," என்று எல்லாரிடமும் சொன்னாள். எந்த இரண்டு பேர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

விடிந்தது. பாயில் சடைச்சியும் அழகனும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஒரு பிள்ளைகூட வரவில்லை.

காளியாயி வாசலுக்கு ஓடினாள். எதிர்மலையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பிள்ளையை முதுகில் துணியால் கட்டியிருந்தார்கள். சில பிள்ளைகள் செடிகளுக்கு இடையே நடந்தன. தேயிலைக்கு மேலே மொட்டைகள் தெரிந்தன. லெட்சுமி அங்கிருந்து பெருமையாகக் கையை ஆட்டினாள்.

துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டது.

ஒளிக்கக் கூடை இல்லை. கலந்து உட்காரவைக்கக் கூட்டமும் இல்லை. காளியாயி இரண்டு பிள்ளைகளையும் தன் முந்தானையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். துரை படியேறினார். பின்னால் கந்தப்பன்.

"என்ன, ரெண்டு புள்ள மட்டும்?"

"பேனுக்குப் பயந்து யாரும் அனுப்பல, தொரை," என்றார் கந்தப்பன். "தொரை உள்ள வர வேணாம். தாவும்."

துரை வாசற்படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்தார். தொப்பியை இழுத்து இறுக்கினார்.

"இது யாரு புள்ள?"

காளியாயி இரண்டு மொட்டைகளிலும் கை வைத்தாள். "ஒண்ணு லெட்சுமி புள்ள. ஒண்ணு மீனம்மா புள்ளைங்க."

துரை திரும்பினார். "கணக்கப்பிள்ளை, சரியா?"

கந்தப்பன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். போட்டுக்கொண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தார். சடைச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொட்டை அடிச்சா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, தொரை. எனக்கு அடையாளம் தெரியல."

துரை கழுத்தைச் சொறிந்தார்.

"ஒரு மாசம் வெளியாளு ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. நீயும் போகாதே. எண்ண வேணாம். அரிசி மட்டும் குடு."

வளைவு திரும்பும்வரை ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையால் தலையைச் சொறிந்துகொண்டே போனார். கந்தப்பன் குடையை விரித்துக்கொண்டு மறு பக்கம் இறங்கினார். காளியாயியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அவளுக்கு யாரைப் பற்றியும் பயமில்லை. மாலையில் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு ராக்காயியின் லயத்துக்கே போனாள். ராக்காயி காய்ச்சல் விட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் மொட்டையைத் தடவியபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரு மாசத்துக்குக் கவலை இல்லடி. அதுக்குள்ள மாயாண்டி எங்கயாவது வேலை பாத்துருவான். அந்தக் கணக்கப்பிள்ளை மூஞ்சிக்கு முன்னால நிறுத்தி வச்சேன் ரெண்டையும். தெரியலங்குறாரு. கண்ணாடி போட்டு என்ன, படிச்சு என்ன," என்று காளியாயி சிரித்தாள். "இருந்தாலும் உன் தைரியம் யாருக்கு வரும்? அந்தக் காய்ச்சலோட, விடியுமுன்னால ரெண்டு புள்ளையையும் தூக்கிட்டு வந்து என் வாசல்ல விட்டியே."

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன ராக்காயி நிறுத்தினாள்.

"நானா? எனக்கு எந்திரிக்கவே முடியலியே, அத்தை. கணக்கப்பிள்ளை ஐயால்ல வந்து, தோளுக்கு ஒண்ணாத் தூக்கிட்டுப் போனாரு."