உபயோகித்தவர்களிடம் ஒரு வார்த்தை

"எந்த ஆபரேஷன்னு இன்னிக்காவது சொல்லிடுங்க சார்" என்று டாக்டர் கேட்டபோது, கொட்டேஷனுக்கு மறுபடியும் பாத்ரூம் வந்துவிட்டது.

கொட்டேஷன் என்பது ஆபீஸ் வைத்த பெயர். கொள்முதல் மேனேஜர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விசாரிப்பார். மெஷின் என்றால், ஏற்கெனவே அதை வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். இப்போது அவருடைய புராஸ்டேட் வீங்கி, சிறுநீர்ப் பாதையை நெரித்துக்கொண்டிருந்தது. போன மாதம் அடியோடு அடைத்து, டியூப் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். இழுத்தடித்தால் சிறுநீர்ப்பை தளர்ந்து, ஆயுசுக்கும் டியூப்போடு அலைய வேண்டிவரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

வழிகள் மூன்று. கரண்ட் கம்பியால் சுரண்டி எடுப்பது பழைய முறை, நம்பகமானது, கொஞ்சம் ரத்தம் போகும். லேசரால் குடைந்தெடுத்தால் ரத்தம் குறைவு. நீராவி பாய்ச்சிச் சுருக்குவது சின்ன வேலை, ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவருடைய வீக்கத்துக்கு மூன்றுமே சரிப்படும் என்றும் டாக்டர் சொல்லித் தொலைத்தார். ஒரே வழிதான் என்றிருந்தால் மனுஷன் பேசாமல் போய்ப் படுத்திருப்பார்.

இன்னொரு டாக்டரைப் பார்த்தார். அவர் லேசர் என்றார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளப் போய்ப் பார்த்த மூன்றாவது டாக்டர், சுரண்டுவதே மேல் என்றார். மச்சினன் மோட்டார் ரிப்பேர் கடைக்காரன். பிரிக்காமல் சரியாகிற எதையும் பிரிக்கக் கூடாது என்பது அவன் கட்சி. ஆவிக்கு ஓட்டுப் போட்டதோடு நிற்காமல், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் விஷயத்தைப் போட்டு அபிப்பிராயம் கேட்டுவிட்டான். அதன்பின் சம்பந்தி வீட்டிலிருந்தெல்லாம் போன் செய்து, தயக்கமில்லாமல் நலம் விசாரித்தார்கள்.

"எதையாவது ஒண்ணு பண்ணித் தொலைங்க" என்றாள் மனைவி. "ராத்திரி நீங்க எழுந்திரிக்கிறப்பல்லாம் நானும்தான் முழிச்சுக்கிறேன். எனக்கு அலுத்துப்போச்சு."

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அவருக்குப் பாவமாக இருந்தது. இனிமேல் டாக்டர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, உபயோகித்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போனார்.

பாத்ரூமை ஒட்டிய நாற்காலிகளில் மூன்று பெரியவர்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ரிட்டயரான வாத்தியார், டிரைவர், பேங்க் கேஷியர். இவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், வாத்தியார் சுரண்டலின் அருமையைப் பாடமாகவே நடத்தினார். டிரைவர் லேசர் கட்சி. கேஷியர் ஆவியை விட்டுக்கொடுக்கவில்லை. டியூப் எத்தனை நாள், எரிச்சல் எப்படி, திரும்ப வளருமா என்று கொட்டேஷன் துருவித் துருவிக் கேட்டார். எதற்கும் தடங்கலில்லாமல் பதில் வந்தது. பேச்சின் நடுவே ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போனதால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. அவரும் அடிக்கடி எழுந்து போனதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் டிரைவர் சொன்னதுதான் மனதில் நின்றது. "லேசர்னா படுத்தா விடியிற வரைக்கும் எழுந்திரிக்க வேணாம் சார்."

விடியும்வரை தூக்கம். அவருக்கும், அவளுக்கும். நினைத்தாலே கண் சொக்கியது. நேரே கவுன்ட்டருக்குப் போய், லேசருக்குத் தேதி கேட்டார்.

"ஒருவழியா முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

"சும்மா இல்லம்மா. மூணு விதமும் பண்ணிக்கிட்டவங்கள நேர்ல விசாரிச்சிட்டேன்" என்று பெருமையாக மூலையைக் காட்டினார்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நாற்காலிகள் காலியாக இருந்தன. மூன்று பேரும் பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"அவங்களா? அவங்க யாருக்கும் இன்னும் ஆபரேஷனே ஆகல சார். அவங்களும் போன வருஷம் உங்கள மாதிரி விசாரிக்கத்தான் வந்தாங்க."