இடுப்பில் மாட்டிய சர்க்கரை

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருத்துவ உலகத்தையே புரட்டிப் போடும் உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தேன். அல்வா தின்றால் சர்க்கரை ஏறாது. நடந்தால்தான் ஏறும். சிரிக்காதீர்கள். ஆதாரம் என் இடுப்பில் இருந்தது.

என் பெயர் சிவசைலம். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்திருக்கும். போன மாதம் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "சர்க்கரை இன்னும் உள்ள வரல. வாசல்ல நிக்கு. தினமும் நடந்தீர்னா அப்படியே திரும்பிப் போயிரும்" என்றார். அப்பாவுக்கு இதே வியாதியில்தான் பார்வை போனது. எனக்கு நிஜமாகவே பயம். தினமும் தச்சநல்லூரிலிருந்து டவுனுக்கு நடந்து போய் நடந்தே திரும்புவது என்று சபதம் எடுத்தேன்.

சபதம் இரண்டு நாள் உயிரோடு இருந்தது. மூன்றாம் நாள் ஜவுளிக்கடை ஷேக் மைதீன் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"எங்கவே இப்படி வேர்க்க விறுவிறுக்கப் போறீரு? ஏறும்."

ஏறினேன். ஸ்கூட்டர் நேரே டவுன் கோயில் வாசலில் போய் நின்றது. அங்கே கடையில் அல்வா சூடாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அன்று முதல் என் நடைப்பயிற்சி தெருமுனையோடு முடிந்தது.

என் மனைவி சொர்ணாம்பாள் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி கணேஷ்ராம் கொடுத்தான் என்று சொல்லி, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை என் வேட்டியில் மாட்டினாள். அதன் கண்ணாடிக்குள் ஒரு பூஜ்யம் தெரிந்தது.

"என்னட்டி இது?"

"சர்க்கரை பாக்குத மெஷினு. ஊசி குத்தாண்டாம். இடுப்புல கெடந்தாப் போதும், நம்பர் காட்டிரும். நடக்கப் போகையில மாட்டிக்கிடுங்க. வந்ததும் நான் பாப்பேன்."

"எவ்வளவு காட்டணும்?"

"டாக்டர் எவ்வளவு சொன்னாரு?"

"நூத்தி நாப்பதுக்குள்ள."

"பெறவு என்னயக் கேக்கிய? கணக்கு சரியில்லன்னா இனிமே சாயங்காலம் தனியா வெளிய போகக் கெடையாது."

சாயங்காலம் போனால் எனக்கு வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது?

படி இறங்கினேன். மூன்று. தெருமுனைக்குப் போவதற்குள் நாற்பதைத் தாண்டியது. நான் இன்னும் எதையும் வாயில் வைக்கவே இல்லை! மைதீனின் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் குதித்தது. இரண்டு ஏறியது. பள்ளத்தில் என்ன சர்க்கரை இருக்கிறது?

கோயில் வாசலில் இலைத்துண்டில் அல்வா வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். திறந்து பார்த்தேன். நம்பர் அசையவில்லை. இன்னொரு நூறு கிராம் விழுங்கினேன். ஊஹூம்.

"மைதீன், அல்வாவுக்கு ஏற மாட்டேங்குதுவே!"

"அல்வாவுக்கே ஏறலன்னா பெறவு எதுக்குத்தான்வே ஏறும்?"

"நாலு எட்டு வச்சா ஏறுது."

"வையும், பாப்போம்."

வைத்தேன். ஏறியது. மைதீன் தாடியைத் தடவினார்.

"யா அல்லா! அப்பம் நடக்கதுதான்வே ஒடம்புக்குக் கேடு. அசையாம நில்லும்."

டாக்டர் பொய் சொல்லியிருப்பாரா? சிங்கப்பூர் மெஷின் பொய் சொல்லுமா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. சுற்றினால் அதற்கும் ஏறிவிடுமோ என்று தலையைக் கையால் பிடித்துக்கொண்டேன். ஒன்று மட்டும் நிச்சயம். இத்தனை நாளும் நடக்காமல் இருந்து என் உயிரை நானே காப்பாற்றியிருக்கிறேன்.

திரும்பும்போது தெருமுனையில் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் பையத் தேய்த்துத் தேய்த்தே வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியை வெற்றியோடு நீட்டினேன்.

"பாத்துக்கோ சொர்ணம்! தொண்ணூத்தி ரெண்டு!"

அவள் பார்த்தாள். "டவுன் வரைக்கும் நடந்தியளா?"

"போகவும் நடை, வரவும் நடை."

"எங்கயும் நிக்கலியா?"

"ஒரு நொடி நிக்கல."

"இது நடைய எண்ணுத மெஷினு. ஒரு எட்டு வச்சா ஒண்ணு கூடும். டவுனுக்குப் போயிட்டு தொண்ணூத்தி ரெண்டே எட்டுல திரும்பி வந்திருக்கிய. காலு நல்ல நீளந்தான்."

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பம்... எதுக்கு சர்க்கரை மெஷின்னு சொன்ன?"

"நடைய எண்ணும்னு சொல்லியிருந்தா, ஊஞ்சல்ல கட்டி ஆட்டி விட்டிருப்பிய. நாளையிலருந்து நானும் கூட வாரேன். மைதீன் அண்ணாச்சிகிட்ட ஸ்கூட்டர் வேண்டாம்னு சொல்லிருங்க."

என் சாயங்காலம் போயே போய்விட்டது. போகிற போக்கிலாவது அவளை ஒரு இடத்தில் மடக்கிவிட வேண்டும் என்று மார்பை நிமிர்த்தினேன்.

"நடைய எண்ணிட்ட, சரி. சர்க்கரைக்கு என்ன மெஷின் வச்சிருக்க?"

"அதுக்கு மெஷின் எதுக்கு? தெனமும் உங்க சட்டையில நெய்க்கறைய எடுக்கவ நாந்தான!"