சோலரில் விழுந்த பள்ளம்

வில், சுவிற்சர்லாந்து
ஆனி மாதத்துச் சனிக்கிழமை

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய குகநாதன் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பாலேந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் சிவமலரும் மகன் அபிசனும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தையும் கஜலக்சுமி அக்காவின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன். சோலரின் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, அதைத் தினமும் ஃபோனில் உள்ள சோலர் அப்பில் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன நடந்தது என்று யோசிப்பீர்கள். என்ன செய்வது அத்தான், அக்கா மூன்று கிழமையாக என் ரெலிபோனை எடுப்பதே இல்லை. உங்களுக்கு எடுத்தால், "பொறும், அக்காவைக் கேட்டிட்டு வாறன்" என்று போகிறீர்கள், திரும்பி வருவதில்லை. கடிதமென்றால் தபால்காரர் உங்கள் கையில்தான் தருவார். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் காலமெல்லாம் கடிதம் திறந்த கை இதையும் திறக்காமல் விடாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சோலர் உங்கள் மொட்டை மாடிக்கு வந்த கதையை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் அதை மறந்துவிட்டு வடகத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் எண்ணெய் இல்லை, நிலக்கரி இல்லை, மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தண்ணீரும் போதாது என்று நாளில் பாதி நேரம் கரண்டை வெட்டினார்களே, அந்தக் காலத்தில் அக்காவோடு ஒரு கதையை முழுதாகக் கதைத்து முடித்ததில்லை. பாதியில் ஃபோன் சார்ஜ் இறங்கிவிடும். இங்கே நிலவறைக்குள் கால் வைத்தால் லைற் தானாக எரிகிறது, ஆள் போன பிறகும் கொஞ்ச நேரம் மரியாதைக்கு எரிந்துகொண்டு நிற்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது. அப்படித்தான் நான் அனுப்பிய காசில் அந்த எட்டுப் பனலும் உங்கள் வீட்டில் ஏறின. அவை ஏறியதில் உங்களைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி என்பதை மறைக்கவில்லை. இங்கே நான் வாடகை வீட்டுக்காரன், சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டு நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், உடுப்புத் தோய்ப்பதென்றாலும் எனக்கென்று ஒதுக்கிய செவ்வாய்க்கிழமையில்தான் தோய்க்கலாம். அப்படிப்பட்டவன் ஒரு தீவுக்கே கரண்ட் கொடுக்கிறவனாகிவிட்டேன்.

அதிலிருந்து எனக்கு இங்கே குளிர்காலமே தெரிவதில்லை. ஐப்பசியில் வில் நகருக்கு மேலே மூடுபனி வந்து உட்கார்ந்தால் கிழமைக் கணக்கில் எழும்பாது. நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அப்பைத் திறந்து வைத்திருப்பேன். காலையில் மெல்ல ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போய், பின்னேரம் இறங்குகிற அந்த வரைபடத்து மஞ்சள் மலையைப் பார்த்தாலே எனக்கு உடம்பு சூடாகிவிடும். எங்கள் வேலையிடத்துப் போர்மன் புருன்னருடைய வீட்டுக் கூரையிலும் சோலர் இருக்கிறது, ஆனால் தை மாதத்தில் அதன் மேல் முழங்கால் அளவு பனி. அவருக்கு நம் மலையைக் காட்டினேன். உங்கள் நாட்டில் ஒவ்வொரு நாளும் இப்படியா என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று முழுக்க மனிதர் என்னோடு மரியாதையாக நடந்துகொண்டார். பேர்ண் கோயிலுக்குப் போனாலும் அர்ச்சனைக்கு நிற்கிற வரிசையில் எனக்கு முன்னுக்கு நிற்கிறவருக்கும் பின்னுக்கு நிற்கிறவருக்கும் அப்பைக் காட்டுவேன். சிவமலர் இப்போது வேறு வரிசையில் நிற்கிறாள்.

அந்த அப்பில் உற்பத்தி மட்டுமல்ல, செலவும் தெரியும். விடியக் கோட்டில் ஒரு சின்னக் குத்து என்றால் தேத்தண்ணிக்குக் கேத்தில், பிறகு ஒரு பெரிய குத்து என்றால் தண்ணீர் மோட்டர், ஏறி ஏறி இறங்கினால் அயன் பெட்டி. அக்கா ஒருமுறை மோட்டரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனபோது டாங்கி நிறைந்து வழிவதை வில்லில் இருந்து கண்டுபிடித்துச் சொன்னவன் நான். அதற்கு நன்றி சொல்லாமல், இவன் சுவிஸில் இருக்கிறான் என்று பேர்தான், என் குசினிக்குள்ளேதான் குந்தியிருக்கிறான் என்று அக்கா அயலில் சொன்னதாகக் கேள்வி. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கஷ்டகாலம் மாசியில்தான் தொடங்கியது. ஒரு ஞாயிறு காலை இங்கே நான் கண் விழித்து அப்பைத் திறந்தால் நட்ட நடுப்பகலில் மலை வெட்டி விழுந்து கிடக்கிறது. ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து தீவு முழுவதும் கரண்ட் போய்விட்டது என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். சரி, தீவுக்குப் போகட்டும், எங்கள் வீட்டுக்கு ஏன் போக வேண்டும்? வெயில் கொளுத்துகிறது, மாடி நிறையச் சோலர் நிற்கிறது, உங்கள் தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் தொங்குகிறது. "பிறகென்னத்துக்கு ஐசே இந்தக் கண்ணாடி?" என்று நீங்கள் கேட்டீர்கள். மறுநாள் புருன்னர்தான் சொன்னார், வெளிக்கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் சோலரும் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் கம்பி திருத்தப் போகிறவனை அது அடித்துப்போடும் என்று. அதை உங்களுக்குச் சொன்னேன். நீங்கள், அப்படியென்றால் இது கரண்ட் இருக்கிறபோது மட்டும் கரண்ட் தருகிற சாமான் என்றீர்கள். அது உண்மைதான், ஆனாலும் அப்படி ஒரு வசனத்தில் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அடுத்தது சித்திரை. வருஷப்பிறப்பு விடுமுறைக்குத் தொழிற்சாலைகள் பூட்டு, கரண்ட் பாவிக்க ஆளில்லை, வெயிலோ அளவுக்கு மிஞ்சி எறிக்கிறது, ஆகவே வீட்டுச் சோலர்காரர் பகலில் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வந்ததல்லவா? மூன்று வருஷத்துக்கு முன் கரண்ட் இல்லை என்று அழுத நாட்டில் இப்போது கரண்ட் கூடிவிட்டதாம். எங்கள் சனத்துக்கு இல்லாவிட்டாலும் பிரச்சினை, இருந்தாலும் பிரச்சினை. அது வெறும் வேண்டுகோள் அத்தான், விரும்பினவர் செய்யலாம் என்பதுதான். ஆனால் நீங்கள் கச்சேரிக்காரர். அரசாங்கத்தில் இருந்து வந்தால் உங்களுக்கு வாழ்த்து மடலும் சுற்றறிக்கைதான். சொன்ன நாளில் நிப்பாட்டி, சொன்ன நாளில் போட்டீர்கள். அந்தக் கிழமை முழுக்க நான் இங்கே மலையில்லாமல் வேலைக்குப் போய் வந்தேன்.

திரும்பப் போட்ட பிறகுதான் அந்தப் பள்ளம். காலையில் ஒழுங்காக ஏறுகிற மலை, உங்கள் பத்து மணிக்குப் பொத்தென்று விழுகிறது, பின்னேரம் திரும்ப எழும்புகிறது. ஒவ்வொரு நாளும் இதே கூத்து. காகம் எச்சம் போட்டிருக்கும் என்று நினைத்து, அக்காவிடம் பனல்களைக் கழுவச் சொன்னேன். முன்னொரு நாளும் நான் சொன்னதை உடனே செய்யாத அக்கா, அன்றைக்கு ஓம் என்று சொல்லிப் பளிங்கு மாதிரிக் கழுவினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பள்ளம் இன்னும் ஆழமானதுதான் மிச்சம். பிறகு பக்கத்து வீட்டார் புதிதாக உயர்த்திய தண்ணீர் டாங்கியின் நிழல் என்று முடிவு செய்து, அதை இடம் மாற்றச் சொல்லி உங்களை அனுப்பினேன். அவர்கள் இப்போது உங்களைக் கண்டால் தலையாட்டுவதில்லை என்று அறிந்து வருந்துகிறேன். பிறகு மூலையில் நின்ற முருங்கையை வெட்டுவித்தேன். முருங்கை திரும்பத் தழைக்கும், அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

கடைசியில் சோலர் பூட்டிய தயாநிதியிடம், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு பத்தரை மணிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் மேலே ஏறி ஒரு சொல்லும் எழுதாமல் படம் மட்டும் அனுப்பினார். நீங்களும் அந்தப் படத்தில் இருக்கிறீர்கள் அத்தான், ஆகவே விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் விவரிக்கிறேன். எட்டுப் பனலுக்கும் மேலே வெள்ளை வேட்டிகள் விரித்திருக்கின்றன. நடுவில் நான் உங்களுக்குக் கொண்டுவந்து தந்த பட்டுக்கரை வேட்டி. வேட்டி நிறைய வேப்பம்பூ வடகம், கரையோரம் மோர்மிளகாய். அக்கா பிளாஸ்ரிக் கதிரையில் குடை பிடித்துக்கொண்டு காகம் கலைக்கிறார். நீங்கள் வடகம் நிறைந்த சுளகோடு நிற்கிறீர்கள். விடுமுறைக் கிழமையில் சோலர் சும்மாதானே கிடக்கிறது என்று தொடங்கியதாம். புழுதி இல்லை, ஆடு ஏறாது, நாய் வராது, ஒரே நாளில் சருகு மாதிரிக் காய்கிறதாம். சோலர் திரும்ப வேலை செய்யத் தொடங்கிய விஷயத்தை வடகத்துக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது.

அன்றைக்கு ரெலிபோனில் நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தேன். அது சுளகில்லை அக்கா, கரண்ட் எடுக்கிற கண்ணாடி என்றேன். "வெயில் உனக்கு மட்டும் எறிக்கயில்லை, தம்பி" என்றார். அதுவரைக்கும் சரி. அடுத்ததாக, "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு வடகம்? கடைக்கு விக்கிறீங்களோ?" என்று கேட்டேன். அக்கா அதோடு ஃபோனை வைத்துவிட்டார். அதுதான் கடைசி. சாதாரணமான கேள்விக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்றிலிருந்து பள்ளம் இல்லை. மலை ஒரு கீறல் இல்லாமல் ஏறி இறங்குகிறது. புருன்னர் பார்த்துவிட்டுப் பாடப்புத்தகத்தில் போடலாம் என்றார். எனக்கும் திருப்திதான். ஆனால் அக்கா இல்லாமல் அந்த மலையை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? நான் இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்காவின் குரல்தான். மூன்று ஞாயிறு போய்விட்டது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆகவே நீங்கள் நடுவில் நின்று அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தவறு அக்காவில்தான் என்பதை முதலில் சொல்லுங்கள், கோபப்பட்டால் பிறகு சொல்லுங்கள். வடகத்தை முற்றத்தில் பாயில் காயப் போடலாம். மாடிக்கு ஒருவரும் ஏறக்கூடாது. இதற்கு அக்கா சம்மதித்து, ஒரு தடவை ரெலிபோனை எடுத்து ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன்.

நல்லூரான் உங்கள் இருவருக்கும் நோய் நொடியற்ற உடம்பையும், வீட்டுக்கு வெட்டில்லாத கரண்டையும், அக்காவுக்குக் கொஞ்சம் இரக்கத்தையும் தரவேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன். சிவமலரும் அபிசனும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு, என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
பா. பாலேந்திரன்

பி.கு. (ஞாயிறு மாலை): கடிதத்தை உறையில் வைத்து முத்திரையும் ஒட்டிய பிறகு, ஊருக்குப் போய் வந்த என் கூட்டாளி லக்ஷ்மணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தார். ஆகவே உறையைக் கிழிக்காமல் திரும்ப மெல்லப் பிரித்து இதை எழுதுகிறேன். பொட்டலத்துக்கு மேலே அக்காவின் எழுத்தில் என் பெயர். உள்ளே வடகம், இன்னும் வடகம், அதற்குக் கீழே மோர்மிளகாய். என்னோடு கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்த அதே கிழமையில் லக்ஷ்மணன் கையில் கொடுத்தாராம். இது யாருக்கு என்று சிவமலரைக் கேட்டேன். "தைப்பொங்கலண்டு கடை வடகத்தைக் கடிச்சிட்டு மரத்தூள் எண்டு துப்பினது ஆர்? அக்கான்ர வடகத்தை ஒருக்காத் திண்டாக் காணும் எண்டு புலம்பினது ஆர்? நான்தான் அக்காவுக்குச் சொன்னனான்" என்றாள். நான் பொட்டலத்தை அவளிடமே நீட்டினேன். அவள் பொரித்தாள். அத்தான், அப்பில் காணாமல் போன வெயில் முழுக்க இதற்குள்தான் இருந்திருக்கிறது. நான் சோற்றுக்கு முன்னமே பாதியை முடித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் என்று அபிசனுக்குச் சொன்னேன். கடைக்கு விற்கிறீர்களோ என்று கேட்ட வாயால் தின்றேன்.

ஆகவே மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததையும் நல்லூரானையும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். பாய் வேண்டாம், முற்றம் வேண்டாம். எட்டுப் பனலும் அக்காவுக்கு. அக்கா என் ரெலிபோனை எடுக்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு மேலே ஏறி ஒரு சுளகு மிளகாய் காயப் போட்டால் போதும். நான் இங்கிருந்து பள்ளத்தைப் பார்த்து, அக்கா மன்னித்துவிட்டார் என்று விளங்கிக்கொள்வேன்.

இன்னுமொரு பி.கு. (திங்கள் காலை): தபாலில் போடக் கிளம்புமுன் கோப்பியோடு அப்பைத் திறந்தேன். உங்கள் பத்து மணி. மலை ஏறிக்கொண்டு வந்து, பொத்தென்று விழுந்தது. நான் கத்திய கத்தில் சிவமலர் குளியலறையில் இருந்து ஓடி வந்தாள். நீ அக்காவுக்கு ஏதும் சொன்னாயா என்று கேட்டேன். அபிசன் மேல் சத்தியமாக இல்லை என்கிறாள். நான் கேட்பதற்கு முன்னமே அக்கா போட்டுவிட்டார். ஆகவே இந்தக் கடிதம் தேவையில்லை, முத்திரை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நல்ல தடித்த காகிதம், மிளகாய்க்குக் கீழே விரிக்க உதவும். ஒன்று மட்டும் அத்தான். பள்ளம் முந்தியளவு ஆழமில்லை. அளந்து பார்த்தால் இரண்டு பனலைத்தான் மூடியிருக்கிறார் போலத் தெரிகிறது. ஆறு பனல் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எட்டும் மூடுகிற வரைக்கும் நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லுங்கள்.